நேர்ச்சைப் புத்தகத்தின் விலை

அத்தியாயம் 17

திருச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "இந்த ஞானசௌந்தரிக்கு இவ்வளவு பிடிவாதம் ஆகாது. நாற்பத்தொன்பது ரூபாய்க்கே விற்றுத் தொலைத்தால் என்ன?"

அம்மா, நல்லவேளை, இதை என்னிடம் கேட்டீர்கள். அவரிடம் நேரில் கேட்டிருந்தால் உங்களை உட்காரவைத்து, காபி கொடுத்து, மதியச் சாப்பாடும் போட்டு, மூன்று மணி நேரம் விளக்கி, கடைசியில் இருநூற்று நாற்பது ரூபாய் வாங்கிக்கொண்டுதான் அனுப்பியிருப்பார். எனக்கு அந்தப் பிடிவாதம் பிடித்திருக்கிறது. ஒளிப்பானேன்?

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நங்கூரம் பதிப்பகம் என்பது தூத்துக்குடியில், மாதா கோவிலுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு வீட்டின் முன்னறை. அதன் முதலாளி, பிழை திருத்துபவர், பார்சல் கட்டுபவர் எல்லாமே ஞானசௌந்தரிதான். கணவர் பவுல், முப்பத்தோரு வருஷம் சரக்குக் கப்பலில் இருந்து போசனாக ஓய்வு பெற்றவர். போசன் என்றால் கப்பலின் மேல்தளத்து ஆட்களுக்கு மேஸ்திரி. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் பெயரில் வந்த 'கப்பலில் உயிர் காக்க' என்ற புத்தகம்தான் பதிப்பகத்துக்குச் சோறு போடுகிறது. தீப்பிடித்தால் என்ன செய்வது, உயிர்ப்படகை எப்படி இறக்குவது என்று எல்லாம் தமிழில் இருக்கும். மகன் ஜாக்சன் இப்போது கப்பலில். மருமகள் சுஜிதா வீட்டில் இருந்தபடி புத்தகங்களை மின்னூலாக்குகிறாள்.

அந்த மின்னூலில் பத்துக்கு எட்டை விற்றது பெங்களூரில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு பெரிய ஆன்லைன் கடை. வீட்டில் அதற்குப் பெயர் 'பெங்களூர்க் கடை'. நடுக்கடலில் நெட் சரியாகக் கிடைக்காது என்று, கப்பல் ஏறுகிறவர்கள் கரையிலேயே அதிலிருந்து புத்தகத்தை இறக்கிக்கொள்வார்கள். ஜூன் மாதம் கடை யாரையும் கேட்காமல் இருநூற்று நாற்பது ரூபாய்ப் புத்தகத்தை நாற்பத்தொன்பது ஆக்கியது. ஞானசௌந்தரி முடியாது என்று எழுதினார். மறுநாள் 'வாங்கு' என்ற பொத்தானைக் காணோம். அந்த இடத்தில் 'தற்போது கிடைக்காது' என்று இருந்தது. பேசித் தீர்க்க ஆள் அனுப்புகிறோம் என்று கடை சொன்னதோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன்.

ஆள் வந்துவிட்டது.

சனிக்கிழமை காலை பத்து மணி. மறுநாள் மாதா கோவில் கொடியேற்றம். பவுல் முன்னறை ஜன்னலோரம் உட்கார்ந்து, கொடிமரத்துக் கயிற்றின் நுனி பிரியாமல் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். வருஷா வருஷம் அந்தக் கயிறு அவர் கைபட்டுத்தான் கோவிலுக்குப் போகும்.

வாசலில் ஒரு பைக் நின்றது. பின்னால் இருந்து முப்பது வயசுப் பெண் ஒருத்தி இறங்கினாள். ஓட்டிவந்த அண்ணனை அனுப்பிவிட்டு, துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நங்கூரம் பதிப்பகம்? நான் பானுப்ரியா. பெங்களூர்ல இருந்து வரேன் மேடம்" என்றாள்.

"அது வேலை பாக்குத ஊரு. சொந்த ஊரு?" என்று கேட்டார் ஞானசௌந்தரி.

"ஆழ்வார்திருநகரி."

"அப்ப மேடம் கீடம்லாம் வேண்டாம், அக்கான்னே சொல்லு. சண்டை போடறதுக்கும் ஒரு மொறை வேணும்லா? உள்ள வா."

பானுப்ரியா சிரித்துவிட்டாள். சிரித்தது தப்போ என்று உடனே நினைத்திருக்க வேண்டும். அவசரமாக லேப்டாப்பைத் திறந்தாள். எதிரே சுஜிதா தன் லேப்டாப்பைத் திறந்தாள். நடுவில் ஞானசௌந்தரி, கையில் பார்சல் ஒட்டும் டேப்புடன்.

"அக்கா, விலையை நாங்களா இறக்கலை. அதுக்கு ஆரம்பம் உங்ககிட்டதான் இருக்கு. இதைப் பாருங்க. போன வருஷம் ஜூலை இருபத்தாறுல இருந்து ஆகஸ்ட் அஞ்சு வரைக்கும் உங்க சொந்த இணையதளத்துல இந்தப் புத்தகத்தோட விலை பூஜ்யம்."

"ஆமா. அது நேர்ச்சை."

"எங்க சிஸ்டத்துக்கு நேர்ச்சை தெரியாதுக்கா. வேற எங்கயாவது எங்களைவிடக் குறைஞ்ச விலைக்குக் கிடைச்சா அதே விலைக்கு இறக்கிரும். ஒப்பந்தத்துல அப்படித்தான் இருக்கு. அந்தப் பூஜ்யத்தைக் கணக்குல வச்சுத்தான் இந்த ஜூன்ல நாப்பத்தொம்பதுன்னு போட்டிருக்கு."

"அந்தப் பதினோரு நாளைக்கு இறக்குனா சரி. ஒங்க கடையில இருபத்தாறு நாளு பூஜ்யத்துலயே நின்னுச்சே, அதைக் கேக்க ஒரு மனுசன் போனை எடுக்கலியே?"

பானுப்ரியா திரையில் அடுத்த பக்கத்தைத் திறந்தாள்.

அந்த நேர்ச்சையைப் பற்றிப் பழைய வாசகர்களுக்குத் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஜாக்சனின் கப்பலில் என்ஜின் அறையில் தீப்பிடித்தது. மூன்று நாள் ஒரு தகவலும் இல்லை. ஞானசௌந்தரி மாதா முன்னால் முழங்காலில் நின்று நேர்ந்துகொண்டார். மற்றவர்கள் அசனம் போடுகிறேன் என்று ஊருக்குச் சோறு நேர்ந்துகொள்வார்கள். இவரிடம் புத்தகம்தான் இருந்தது. பிள்ளை உயிரோடு வந்தால், வருஷா வருஷம் கொடியேறின நாளிலிருந்து திருநாள் முடியும்வரை, கடலுக்குப் போகிற யார் கேட்டாலும் 'கப்பலில் உயிர் காக்க' சும்மா தருவேன் என்றார். பிள்ளை வந்தான். அவரும் தருகிறார். அதை ஒரு விலைக்குறைப்பு என்று எடுத்துக்கொள்ள உலகத்தில் ஒரு மிஷின் இருக்கும் என்று யார் கண்டார்கள்?

"மாமி, அந்த ஒப்பந்தத்தை நான்தான் டிக் பண்ணுனேன்." என்றாள் சுஜிதா. "நாப்பத்திரெண்டு பக்கம் இங்கிலீஷு. நேரா கடைசிப் பக்கத்துக்குப் போயி டிக் பண்ணிட்டேன்."

"பண்ணும்போது நான் ஒம் பின்னாலதான நின்னு டீ குடிச்சிட்டு இருந்தேன்? பழிய நீ மட்டும் வாங்காத. பாதி எனக்குக் குடு."

மருமகள் மேல் தப்பு இருக்கிற நேரத்தில் ஒரு மாமியார் இப்படிச் சொல்வதை நான் அதிகம் கேட்டதில்லை. பானுப்ரியாவும் கேட்டதில்லை போலிருக்கிறது. நிமிர்ந்து பார்த்தாள்.

பிறகு புது ஒப்பந்தத்தை விளக்கினாள். இனி மின்னூலின் விலையைக் கடை தீர்மானிக்கும். இலவசமாகக் கொடுப்பதை நிறுத்த வேண்டும், இந்த வருஷமே. கையெழுத்துப் போட்டால் பொத்தான் இன்றே திரும்பி வரும்; நாளை தொடங்குகிற தள்ளுபடி விற்பனையில் முதல் பக்கத்தில் படம் வரும். ஐந்து மணிக்குப் பட்டியலை மூடிவிடுவார்கள்.

"அதோட ரெண்டு லட்சம் அட்வான்ஸும் தருவாங்கக்கா. நான்தான் பேசி வாங்கிருக்கேன்."

ஞானசௌந்தரி டேப்பை மேஜைமேல் வைத்தார்.

"எங்கப்பா வள்ளம் வச்சிருந்தாவ. வலை வாங்க ஒரு வியாபாரிகிட்ட அட்வான்ஸ் வாங்குனாவ. அன்னையிலேருந்து பிடிக்கிற மீனெல்லாம் அந்த ஆளுக்குத்தான் போடணும், அந்த ஆளு சொல்லுத வெலைக்குத்தான் போடணும். பக்கத்துல நிக்கிறவன் நூறு ரூவா கூடச் சொல்லுவான். எங்கப்பா காதுல விழாத மாதிரி நடந்து வருவாவ. நான் கூடையைத் தூக்கிட்டுப் பின்னால வருவேன். எனக்கு நல்லா காதுல விழும்." டேப்பைத் திரும்பக் கையில் எடுத்தார். "மீனுக்கு வெல சொல்லாமலே எங்கப்பா செத்துப்போனாவ. புத்தகத்துக்கு நான்தான் சொல்லுவேன்."

"எங்கப்பாவும் நெல்லுக்கு விலை சொன்னதில்லக்கா," என்றாள் பானுப்ரியா மெதுவாக. சொன்ன வேகத்தில் வேலை ஞாபகம் வந்துவிட்டது. "ஆனா நாப்பத்தொம்பதுக்குப் போட்டா அஞ்சு மடங்கு விக்கும். உங்களுக்கு நஷ்டமே வராது."

"அஞ்சு மடங்கா? கப்பலுக்குப் போற தமிழ் ஆளுங்க எத்தன பேரு இருக்கான்? மிச்ச ஆளுக்கு நான் எங்க போவேன்? பலசரக்குக் கடைக்காரன் உயிர்ப்படகு இறக்கப் படிப்பானா?"

சுஜிதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"சிரிக்காத சுஜி. நீ கேளு பானு. விதி மாற மாற இதைத் திருத்தணும். படம் வரையறவனுக்குக் கொடுக்கணும், வேலையில இருக்க ரெண்டு ஆபீசரு படிச்சுப் பாக்கணும். நாப்பத்தொம்போதுல அது நடக்காது. புத்தகம் அப்படியே பழசாக் கெடக்கும். கதைப் புத்தகம் பழசானா ஒண்ணும் இல்ல. இதைப் பழசா படிச்சிட்டு ஒருத்தன் படகு தொங்குற கொக்கியைத் தப்பாக் கழட்டுனா படகோட ஆளும் தண்ணிக்குள்ள போவான்."

திருச்சி வாசகி அவர்களே, உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான்.

பானுப்ரியா, கடமைக்குக் கேட்பதுபோல, "சரிக்கா, எதுக்கும் ஆசிரியரோட நீங்க போட்ட ஒப்பந்தத்தைக் காட்டுங்க. இது நீண்டகால ஒப்பந்தம், அவரோட சம்மதமும் வேணும்" என்றாள்.

ஞானசௌந்தரி அலமாரியைத் திறந்தார். அதில் பதினோரு எழுத்தாளர்களின் ஒப்பந்தங்கள் முத்திரைத்தாளில், பிளாஸ்டிக் உறையில், பெயர் வரிசையில் இருந்தன. எந்த எழுத்தாளரும் இவரிடம் வாய்ப்பேச்சில் காரியம் முடித்ததில்லை. அதில் அவர் அத்தனை கறார். ஆனால் பவுல் பெயரில் அங்கே ஒன்றும் இல்லை. இருக்காது என்று அவருக்கும் தெரியும். தெரிந்தும் இரண்டு முறை புரட்டினார்.

"அவிய எங்க வீட்டுக்காரவுஹ. ஒரே சட்டியில சோறு திங்கோம். எங்களுக்குள்ள எதுக்குப் பத்திரம்?"

"அப்படின்னா மின்னூல் உரிமை உங்ககிட்ட இல்லக்கா. அவருகிட்டதான் இருக்கு." பானுப்ரியாவுக்கே சொல்லக் கஷ்டமாக இருந்தது. "அவரு ஒருத்தர் கையெழுத்துப் போட்டா போதும். நீங்க போடணும்னுகூட இல்ல."

மூன்று பெண்களும் ஜன்னலைப் பார்த்தார்கள்.

பவுல் நூல் சுற்றி முடித்து, பல்லால் கடித்து அறுத்தார். இந்த மனிதர் இதுவரை இந்தத் தொடரில் பேசிய வார்த்தைகளை ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம். ஆனால் மூன்று வாரத்துக்கு முன்னால் அவர் சொன்ன ஒரு வாக்கியம் வீட்டில் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது: 'வெல கொறைஞ்சா இன்னும் நாலு ஆளு படிப்பான்லா?'

ஞானசௌந்தரிக்கும் அதுதான் ஞாபகம் வந்தது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"அஞ்சு மணிக்குள்ளதான?" என்று கேட்டார் பவுல்.

"ஆமா அண்ணாச்சி."

சம்மதப் படிவத்தை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டார். புத்தக அடுக்கின் முன் நின்று, 'கப்பலில் உயிர் காக்க'வின் மூன்று பதிப்புகளையும் உருவி எடுத்தார். போனை மேஜைமேலேயே விட்டுவிட்டு டிவிஎஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

"ஏதாவது சொல்லிட்டாவது போறாவளா பாரு," என்றார் ஞானசௌந்தரி. குரலில் கோபம்தான் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு ஒரே பார்சலுக்கு இரண்டு முறை முகவரி ஒட்டினார்.

மதியம் சமையல் நடந்தது. பானுப்ரியா சனிக்கிழமை மீன் சாப்பிடமாட்டாள் என்று தெரிந்ததும், அவளுக்காகத் தனியே சாம்பார் வைத்து அப்பளம் பொரித்தார் ஞானசௌந்தரி. பரிமாறிக்கொண்டே, "ஒங்க கடைக்கு நான் எழுதுன ஏழு மெயிலையும் படிச்சியா?" என்று கேட்டார்.

"ஏழும் படிச்சேன்க்கா. அதனாலதான் நானே வாரேன்னு கேட்டு வந்தேன்."

"இன்னும் கொஞ்சம் சோறு வச்சிக்கோ."

எதிராளியின் இலையில் இரண்டாவது கரண்டி சாம்பாரை ஊற்றும்போதும் ஒரு ரூபாய்கூட விலையில் இறங்கி வராத மனுஷியை நான் எப்படி ரசிக்காமல் இருப்பது?

கை கழுவும்போது பானுப்ரியா சுஜிதாவிடம் கேட்டாள். "இருநூறு படம் இருக்குற புத்தகம். ஃபைல் எப்படி மூணு எம்பிக்குள்ள நிக்குது? எங்க டீம்ல நாலு பேரு பிரிச்சுப் பாத்தும் புரியலை."

சுஜிதாவுக்குக் காது சூடாகிவிட்டது. இதுவரை யாரும் அவளிடம் இதைக் கேட்டதில்லை. "போட்டோ எல்லாத்தையும் எடுத்துட்டு, கோட்டுப் படமா நானே திரும்ப வரைஞ்சேன். ஜாக்சன் ஒரு தடவ அங்கனருந்து போன் பண்ணுனாவ. கப்பல்ல கெடைக்குத நெட்டுல மூணு எம்பிக்கு மேல எறங்காதுன்னாவ. அதான்."

"எத்தனை நாளாச்சு?"

"அஞ்சு மாசம். ராத்திரி பகலா."

பானுப்ரியா அவளையே பார்த்தாள். "காலையில உங்களுக்கு ஒரு மெயில் போட்டிருக்கேன். எங்க மின்னூல் டீம்ல ஒரு இடம் இருக்கு. விலைப் பிரச்சினைக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, சத்தியமா. திங்கக்கிழமைக்குள்ள சொல்லுங்க."

சுஜிதா போனை எடுத்துப் பார்த்தாள். மெயில் இருந்தது. பெங்களூரில் வேலை, அவள் பெயருக்கு ஒரு மேஜை. ஜாக்சன் வருஷத்தில் ஒன்பது மாதம் கடலில். முன்னறையில் அவள் உட்காரும் நாற்காலிகூடச் சாப்பாட்டு மேஜையிலிருந்து இழுத்துப் போட்டதுதான். போனை அணைத்துவிட்டு, "மாமாவைத் தேடிட்டு வாரேன் மாமி" என்று ஸ்கூட்டியை எடுத்தாள்.

மணி மூன்று. கோவில் வளாகத்தில் பந்தல் கட்டுகிறவர்கள் மூங்கில்மேல் இருந்தார்கள். கயிறு வந்து சேர்ந்துவிட்டது, பவுல் இல்லை. "அண்ணாச்சி வக்கீல் கிங்ஸ்டன் வீட்டுப் பக்கம் போனாவளே," என்று ஒருவர் மேலிருந்தே சொன்னார்.

வக்கீல் வீட்டு வாசற்படியில் பவுல் உட்கார்ந்திருந்தார். மடியில் மூன்று பதிப்புகளும் நான்காம் அத்தியாயத்தில் திறந்திருந்தன. உள்ளே கம்ப்யூட்டரில் யாரோ தட்டச்சு செய்கிற சத்தம்.

"மாமா, என்ன பண்ணப் போறிய?"

"அஞ்சு மணிக்குள்ள வாரேன்னு சொல்லு."

"மாமி பயந்துபோயி இருக்காவ மாமா."

பவுல் நிமிர்ந்தார். அந்தச் செய்தி அவருக்குப் புதிதாக இருந்தது. "அவளா? அவ பயந்து நான் ஒரே ஒரு தடவதான் பாத்திருக்கேன். ஜாக்சன் கப்பல்ல தீப்பிடிச்சப்ப." புத்தகங்களை மூடினார். "போளா, போயி அவகூட இரு. இந்தா முடிஞ்சிரும்."

எதை முடிக்கப் போகிறார் என்று சொல்லவில்லை. சுஜிதாவும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து மாமியாரிடம், "வக்கீல் வீட்டுல இருக்காவ" என்று மட்டும் சொன்னாள். ஞானசௌந்தரி தலையாட்டினார். கையெழுத்துக்குச் சாட்சி வேண்டுமென்றால் வக்கீல் வீட்டுக்குத்தான் போவார்கள் என்பது அவருக்கும் தெரியும்.

"போட்டா போட்டுட்டுப் போறாவ," என்றார் யாரையும் பார்க்காமல். "புத்தகம் அவியளுதுதான." அவர் குரல் இப்படி இறங்கி இந்தத் தொடரில் நீங்கள் கேட்டிருக்கமாட்டீர்கள். நானும் இப்போதுதான் கேட்கிறேன்.

ஐந்தாகப் பத்து நிமிஷம் இருக்கும்போது டிவிஎஸ் வந்து நின்றது.

பவுல் சட்டைப்பையிலிருந்து சம்மதப் படிவத்தை எடுத்து பானுப்ரியாவிடம் கொடுத்தார். நான்காக மடித்த மடிப்புக்கூடக் கலையவில்லை. கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாக இருந்தது. இன்னொரு கையில் இருந்த முத்திரைத்தாளை சுஜிதாவிடம் நீட்டினார்.

"நீ வாசி. எனக்குக் கண்ணாடி இல்ல."

கண்ணாடி நெற்றிமேல்தான் இருந்தது. யாரும் சொல்லவில்லை.

சுஜிதா வாசித்தாள். கடையின் படிவத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பவுல் தன் மனைவியோடு போட்டுக்கொள்ளும் ஒப்பந்தம் அது. பன்னிரண்டு வருஷம் தாமதமாக. மின்னூல் உரிமை முழுவதும் ஞானசௌந்தரிக்கு. அதன் விலையை அவர் மட்டுமே சொல்வார். அவரே விரும்பினாலும் அந்த உரிமையை வேறு யாருக்கும் மாற்றித்தர முடியாது. கொடியேற்றத்திலிருந்து திருநாள்வரை இலவசமாகக் கொடுப்பது இந்தப் புத்தகத்தின் நிபந்தனை. யார் வெளியிட்டாலும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். கப்பல் விதி மாறிய ஆறு மாதத்துக்குள் புத்தகத்தைத் திருத்தாவிட்டால் விற்பனையை நிறுத்திவிட வேண்டும்.

பானுப்ரியா பேனாவை மூடினாள். அந்தத் தாளின் முன்னால் கடையின் ஒப்பந்தத்துக்கு வேலை இல்லை என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அண்ணாச்சி, விலை குறைஞ்சா நல்லதுன்னு நீங்க நெனைக்கலியா?" என்று கேட்டாள்.

"நெனச்சேன். இப்பவும் நாலு ஆளு கூடப் படிக்கணும்னுதான் ஆசை." பவுல் மூன்று புத்தகங்களையும் மேஜைமேல் வைத்தார். "கையெழுத்துப் போடுததுக்கு முன்னால நாலாம் அத்தியாயத்தை மூணுலயும் பாத்தேன். கொக்கி கழட்டுறது. மொதப் பதிப்புல நான் சொன்னது இன்னைக்குத் தப்பு. ரெண்டாவதும் பாதி தப்பு. மூணாவதுதான் சரி. ரெண்டு தடவையும் நான் திருத்த வேண்டாம், போவும்னேன். இவதான் விடல. என்னை உக்கார வச்சு, அந்த ஆபீசருங்களைக் கேக்க வச்சு…" முப்பத்தோரு வருஷம் கப்பலில் சத்தம்போட்டு வேலை வாங்கிய மனிதர், வீட்டில் இவ்வளவு நீளமாகப் பேசிப் பழக்கமில்லாததால் நிறுத்திவிட்டார். "மிச்சத்தை வாசி."

சுஜிதா கடைசிப் பத்தியை முதலில் தனக்குள் படித்தாள். பிறகு சத்தமாகப் படித்தாள்.

"'இந்தப் புத்தகத்தில் உள்ளவற்றை நான் வாயால் சொன்னேன். படித்தால் புரியும்படி எழுதியவர் என் மனைவி ஞானசௌந்தரி. இனி வரும் எல்லாப் பதிப்புகளிலும் ஆசிரியர்களாக எங்கள் இருவர் பெயரும் இருக்க வேண்டும். இதற்குச் சம்மதித்தால் மட்டுமே மேற்கண்ட உரிமைகள் செல்லும்.'"

ஞானசௌந்தரி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு, திட்டுகிற குரலில் கேட்டார்.

"இதைச் சொல்ல பன்னெண்டு வருசமா? இத்தன நாளும் ஏன் சும்மா இருந்திய?"

"நீ கேக்கலியே," என்றார் பவுல்.

அதற்கு மேல் நான் எழுத என்ன இருக்கிறது? இந்தத் தம்பதியை எனக்கு அறிமுகம் செய்துவைத்த தூத்துக்குடிக்கு ஒரு கும்பிடு.

சுவரில் மணி ஐந்தைத் தாண்டியது. பானுப்ரியா முத்திரைத்தாளை போனில் படம் எடுத்துக்கொண்டாள். ஊர்ப் பேச்சு அவளை அறியாமல் வந்துவிட்டது. "அக்கா, இத நான் மேல அனுப்புதேன். பட்டன் திரும்பி வருமான்னு சத்தியமா எனக்குத் தெரியாது. எங்க லீகல் ஆளுங்க சண்டைக்கும் வரலாம். ஆனா ஒண்ணு சொல்லுதேன். இந்த வாரம் பன்னெண்டு பதிப்பகம் கையெழுத்துப் போட்டாச்சு. ஒருத்தர்கூட ஆசிரியரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேக்கல."

"நானும் கேக்கலைதான்," என்றார் ஞானசௌந்தரி. "அவியளா வந்து சொன்னாவ. அதுல எனக்கு ஒரு பெருமையும் இல்ல பானு." எழுந்துபோய் ஒரு பிரதியைக் காகிதத்தில் சுற்றி அவள் கையில் கொடுத்தார். "இந்தா. நாளைக்குத்தான் இலவசம். இன்னைக்கு இருநூத்தி நாப்பது."

பானுப்ரியா சிரித்துக்கொண்டே பணத்தை எடுத்துக் கொடுத்தாள். வாசலில் அண்ணனின் பைக்கில் ஏறும்முன் சுஜிதாவை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். சுஜிதா தலையைக் குனிந்துகொண்டாள்.

கடையின் பக்கத்தில் 'தற்போது கிடைக்காது' அப்படியேதான் இருந்தது. இன்னும் எத்தனை நாளோ. காலையில் கொடியேறும்போது தங்கள் இணையதளத்தில் புத்தகம் இலவசமாகத் திறந்தாக வேண்டும். "அட்டையை மாத்திப் போடு சுஜி. வக்கீல் பேப்பரே சொல்லிட்டு," என்றார் ஞானசௌந்தரி. சொல்லும்போது வெட்கம் வந்துவிட்டது அவருக்கு.

சுஜிதா லேப்டாப் முன் உட்கார்ந்தாள். அட்டைப் படத்தைத் திறந்து, பவுல் என்ற பெயருக்குக் கீழே ஞானசௌந்தரி என்று தட்டினாள். இரண்டு பெயரும் ஒரே அளவில் நின்றன. ஞானசௌந்தரி அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். சாப்பாட்டு மேஜையிலிருந்து இழுத்துப் போட்ட அந்த நாற்காலியை.

"உள்பக்கத்துல ஒம் பேரையும் போடு. மின்னூல் ஆக்கம் சுஜிதான்னு."

"எனக்கெதுக்கு மாமி?"

"எதுக்கா? அந்தப் பிள்ளை ஒங்கிட்ட மூணு எம்பி எப்படின்னு கேட்டப்ப நான் அடுப்படியிலதான் நின்னேன். அஞ்சு மாசம் ராத்திரி பகலா வரைஞ்சேன்னு சொன்ன. இந்த வீட்டுல நான் ஒருநாளாவது கேட்டிருக்கனா?" அவர் கை நாற்காலியிலிருந்து மருமகளின் தோளுக்கு வந்தது. "ஒனக்கும் எனக்கும் நடுவுலகூட ஒரு பேப்பரும் கெடையாது சுஜி. நாளைக்குக் கொடியேத்தம் முடியட்டும், உக்காந்து பேசுவோம். ஒனக்கு என்ன வேணும்னு நீ சொல்லு."

டீ போடுகிறேன் என்று அவர் உள்ளே போனார்.

சுஜிதா 'மின்னூல் ஆக்கம்' என்று தட்டினாள். அதற்குப் பின்னால் விரல்கள் நின்றுவிட்டன. அட்டைப் படத்துக்குப் பக்கத்திலேயே திரையில் இன்னொரு ஜன்னலில், பதிலுக்காகக் காத்துக்கொண்டு, பெங்களூர் வேலைக்கான மெயில் திறந்திருந்தது.